‘சாப்ட்டியா’வுக்கு அப்புறம் என்ன பேசுவது?

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையும் ஊரில் இருக்கும் அம்மாவும் போனில் பேசுவதை அப்படியே எழுதி வைத்தால் பெரும்பாலும் இப்படி வரும்:

“சாப்ட்டியாப்பா?”
“ஆச்சும்மா. நீ?”
“ஆச்சு.”
“என்ன குழம்பு?”
“சாம்பார்தான்.”
“அங்க மழையா?”
“லேசாத் தூறுச்சு.”
“அப்பா?”
“இருக்காரு. பேசுறியா?”
“இல்ல, அப்புறம் பேசுறேன். வேற?”
“வேற என்ன... ஒண்ணுமில்ல.”
“சரி, வச்சிரவா?”
“வச்சிருப்பா. நேரத்துக்குச் சாப்பிடு.”

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இருவருக்கும் பேசத்தான் ஆசை. ஆனால் போனை வைத்த பிறகு இருவருக்கும் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். இந்த ஒரு அழைப்பை எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் இங்கே எழுதுகிறேன். மேடைப்பேச்சுக்கும் அலுவலகப் பேச்சுக்கும் ஆயிரம் வகுப்பு இருக்கிறது. இதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் ‘சாப்ட்டியா’வைக் குறை சொல்ல வேண்டாம். அது சோற்றைப் பற்றிய கேள்வியே இல்லை, ‘நான் வந்திருக்கேன், கதவைத் திற’ என்கிற தட்டல். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தகவல் சொல்வதற்காக அல்லாமல் உறவைக் காட்டிக்கொள்வதற்காகவே பேசப்படும் இந்த வகைப் பேச்சுக்குத் தனிப் பெயரே வைத்தார். உலகம் முழுக்க இது உண்டு. அதை வெட்டிவிட்டு நேராக விஷயத்துக்குப் போனால் ‘என்னாச்சு இவனுக்கு, ஏதும் பிரச்சினையா’ என்று அம்மா பதறிப்போவார். ஆகவே சாப்பாடும் மழையும் இருக்கட்டும். தட்டுவதோடு நின்றுவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வருவதுதான் கோளாறு.

ஏன் அப்படி ஆகிறது? நாம் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். ‘நல்லா இருக்கியா?’ ‘உடம்பு எப்படி இருக்கு?’ ‘வேற என்ன?’ இவற்றுக்கு என்ன பதில் வரும் என்று கேட்பதற்கு முன்பே நமக்குத் தெரியும். ஒரு கேள்வியின் பதிலை நீங்களே சொல்லிவிட முடியுமானால், அந்தக் கேள்வியில் பேச்சு வளராது. இது ஒன்றுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். ‘வேற என்ன?’ என்பது எல்லாவற்றையும் கேட்பது போலத் தோன்றும். உண்மையில் அது எதையுமே கேட்பதில்லை. ஒரு வாரம் முழுவதையும் புரட்டிப் பார்த்து, அதில் பிள்ளைக்குச் சொல்லத் தகுந்தது எது என்று பொறுக்கி எடுக்கும் வேலையை அம்மா தலையில் கட்டுகிறது. அவர் யோசித்துப் பார்த்து, ‘இதையெல்லாம் போய் அவன்கிட்ட சொல்லிக்கிட்டு’ என்று எண்ணி, ‘ஒண்ணுமில்ல’ என்கிறார்.

இதற்கு மாற்று, ஒரு பொருளையோ ஓர் ஆளையோ ஒரு நேரத்தையோ பிடித்துக்கொண்டு கேட்பது. ‘மழையா?’ என்றால் ஆமாம், இல்லை. ‘போன மழைக்குச் சமையக்கட்டுல ஒழுகுச்சே, இந்தத் தடவை ஒழுகுச்சா?’ என்றால் வெளியே ஒரு கதை வரும். ஓடு மாற்ற வந்த ஆள், அவன் கேட்ட கூலி, அப்பா அவனோடு சண்டை போட்டது, பக்கத்து வீட்டு அக்கா தார்பாய் கொடுத்தது எல்லாம் அதில் அடங்கியிருக்கும். கேள்வி எவ்வளவு சின்னதோ பதில் அவ்வளவு பெரிது.

ஆனால் அப்படிக் கேட்க வேண்டுமென்றால் போன தடவை என்ன சொன்னார் என்பது ஞாபகம் இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நினைவாற்றலை நம்பாதீர்கள். போனை வைத்ததும் இரண்டு வரி எழுதுங்கள். செல்போனிலேயே குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது, அது போதும். குறிப்பு இந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும்:

‘முருங்கைக் கிளை ஒடிஞ்சது. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்ல பொண்ணு பார்க்க வர்றாங்க. வலது முட்டி, படி இறங்கும்போது. அப்பா மோட்டார் காயில்.’

நாலு சங்கதி. அடுத்த தடவை அழைப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ‘பொண்ணு பார்க்க வந்தாங்களாம்மா? என்ன சொல்லிட்டுப் போனாங்க?’ அவ்வளவுதான். ‘நான் சொன்னதை இவன் ஒரு வாரம் மனசுல வச்சிருந்திருக்கான்’ என்பது அம்மாவுக்குப் புரியும். பாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. நாலையும் வரிசையாகக் கேட்டால் மட்டும் காரியம் கெடும், அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும். மிச்சம் மூன்றும் தானாக வரும், வராவிட்டால் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்.

பதில் வர ஆரம்பித்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ம் கொட்டுவது. கதை சொல்லும் பாட்டி, பிள்ளை ம் கொட்டாவிட்டால் ‘தூங்கிட்டியா?’ என்று நிறுத்திவிடுவாள் அல்லவா? போனில் தலையாட்டுவது தெரியாது, முகம் தெரியாது. அதனால் அந்த ‘ம்’தான் உங்கள் முகம். அதிலும் வகை உண்டு. ஏறி முடியும் ‘ம்?’ என்றால் அப்புறம் என்னாச்சு என்று பொருள். இறங்கி முடியும் ‘ம்ம்...’ என்றால் கஷ்டமாத்தான் இருந்திருக்கும் என்று பொருள். ஒரே மாதிரித் தட்டையாக, ஒரு வினாடி தாமதித்து வரும் ‘ம்’ என்றால், இன்னொரு கையில் வேறு ஏதோ திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அந்தக் கடைசி வகையை அம்மாக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லத்தான் மாட்டார்கள். ‘சரிப்பா, உனக்கு வேலை இருக்கும்’ என்று வைத்துவிடுவார்கள். பத்து நிமிஷம் பாதிக் காதோடு பேசுவதைவிட நாலு நிமிஷம் முழுக் காதோடு பேசுவது மேல்.

அடுத்தது இடைவெளி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி அழைப்புகள் இதில்தான் செத்துப்போகின்றன. நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெகண்ட் அளவுதான், அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் ஜப்பானியம் முதல் டேனிஷ் வரை எந்த மொழியின் சராசரியும் இந்த அளவிலிருந்து சுமார் கால் வினாடிக்கு மேல் விலகவில்லை. இப்போது வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக அழைக்கிறீர்கள் என்று வையுங்கள். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் ஆனால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த அளவிலேயே, போக 150 வர 150 என்று 300 சேர்ந்துவிடுகிறது. அம்மா வழக்கம்போல 200-இல் பதில் சொன்னாலும் உங்கள் காதுக்கு அது 500 ஆகத்தான் கேட்கும். ‘பதில் இல்லையே’ என்று நினைத்து நீங்கள் அடுத்த கேள்வியைப் போடுகிறீர்கள். அதே நொடியில் அவர் குரல் வருகிறது. ‘நீ சொல்லு.’ ‘இல்ல, நீ சொல்லும்மா.’ ‘ஒண்ணுமில்ல, நீ சொல்லு.’ சொல்ல வந்தது அங்கேயே போயிற்று.

வைத்தியம் எளிது. கேள்வி கேட்டபின் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கவனித்தது இதே விஷயம்தான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது. வயதான பெற்றோருக்கு மூன்று போதாமலும் இருக்கலாம், ஐந்து எண்ணுங்கள். முதல் சில தடவை அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். பழகிவிடும்.

காது விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வயதாகும்போது முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து மங்கும். அதாவது நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, ஆனால் என்ன சொன்னீர்கள் என்பது புரிவதில்லை. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும் என்பதால் மிச்சமிருந்த கூர்மையும் போய்விடும். எதைச் சொன்னாலும் ‘ஆமா, ஆமா’ என்று பதில் வந்தால், பேச்சில் ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். காதைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. கத்திப் பேசினால் கோபம் மாதிரித்தான் கேட்கும், தெளிவு கூடாது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, மெதுவாக, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் பேசுங்கள்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் வழக்கம் வேறு. மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் சேர்ந்துகொள்ளும். எதிரொலியை அடக்குவதற்காகப் பல போன்கள் ஒரு பக்கக் குரலைக் குறைத்துவிடும், உங்கள் ‘ம்’ அங்கே போய்ச் சேராது. அதைவிட முக்கியம், ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது. மருமகளைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ தன் உடம்பைப் பற்றியோ அம்மா அங்கே வாய் திறக்க மாட்டார். ‘அம்மா, ஸ்பீக்கரை எடுத்துட்டுக் கொஞ்சம் திண்ணைக்கு வந்து பேசு’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

நேரமும் அப்படித்தான். சீரியல் நேரத்தில் அழைத்துவிட்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார் என்று வருத்தப்படக் கூடாது. லண்டனில் வேலை முடித்து மாலை 6 மணிக்கு அழைத்தால் கோடையில் இங்கே இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. தூக்கக் கலக்கத்தில் யார் என்ன பேசுவார்? அதே ஆள் மதியச் சாப்பாட்டு வேளையில் 1 மணிக்கு அழைத்தால் இங்கே மாலை 5.30 அல்லது 6.30. வாசல் தெளித்து, காபி குடித்து உட்கார்ந்திருக்கும் நேரம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு வசதி, அங்கே இரவு 9 என்றால் இங்கே 6.30தான்.

உடம்பைப் பற்றி விசாரிப்பது தனிக் கலை. ‘முட்டி வலி எப்படி இருக்கு?’ ‘பரவால்ல.’ இந்தப் ‘பரவால்ல’ பொய்யல்ல, உங்களைக் காப்பாற்றுகிறார். தூரத்தில் இருப்பவனிடம் சொல்லி அவன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்கிற எண்ணம். ஆகவே வலியைக் கேட்காதீர்கள், செய்த காரியத்தைக் கேளுங்கள். ‘இன்னிக்கு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனியா, கொடியிலேயே போட்டுட்டியா?’ ‘கோயிலுக்கு நடந்தா போன, ஆட்டோவா?’ ‘ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிச்ச?’ இவற்றுக்குப் பரவாயில்லை என்று பதில் சொல்ல முடியாது. மாடிக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது என்றால் வலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாத்திரைக்கும் அப்படியே. ‘மாத்திரை போட்டியா?’ என்றால் ‘போட்டேன்’தான். ‘அட்டையை எடுத்துப் பாரும்மா, எத்தனை மிச்சம் இருக்கு? எப்ப வாங்கணும்னு பார்த்துச் சொல்லிவிடுறேன்’ என்று கேளுங்கள். ஒன்றாம் தேதி 30 மாத்திரை வாங்கித் தினம் ஒன்று என்றால், 12-ஆம் தேதி இரவு 18 இருக்க வேண்டும். 24 இருந்தால் ஆறு நாள் போடவில்லை. அப்போது ‘ஏன் போடல?’ என்று பாயக் கூடாது. தமிழில் பெரியவர்களைப் பார்த்து ‘ஏன்’ என்றாலே அது குற்றச்சாட்டு. ‘எந்த நேரத்துல மறந்துபோகுது?’ என்று கேட்டால், காலையில் வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றுகிறது என்கிற உண்மைக் காரணம் வரும். அதை மருத்துவரிடம் சொல்லலாம். வாரா வாரம் எண்ணச் சொல்லாதீர்கள், மாதம் ஒரு தடவை போதும்.

சொற்களோடு குரலையும் கேளுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வார்த்தை குழறுகிறார், சொல் வராமல் தடுமாறுகிறார் என்றால் அது களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. பக்கவாதமாக இருக்கலாம். பக்கத்தில் யாராவது இருந்தால் வாய் கோணியிருக்கிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் நீங்கள் 108-ஐ அழைக்க முடியாது. அதனால் பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் தெருமுனைக் கடைக்காரர் எண் ஒன்றையும் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

இனி அப்பா. ‘ம்... நல்லா இருக்கியா... இந்தா, அம்மாட்ட பேசு’ என்று அரை நிமிஷத்தில் கைமாற்றிவிடுவார். அவருக்குப் பேச விருப்பம் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நலம் விசாரிக்கும் பேச்சு அவருக்கு வராது, அவ்வளவுதான். வேலையைப் பற்றிக் கேளுங்கள். ‘மோட்டார் காயில் கட்டியாச்சாப்பா? எவ்வளவு கேட்டான்?’ ‘மும்முனை கரண்ட் இப்ப பகல்லயா ராத்திரியா குடுக்கிறாங்க?’ விவசாயம் இல்லாத வீடு என்றால், ‘பழைய பைக் ஒண்ணு பார்த்திருக்கேன்ப்பா, 40,000 ஓடியிருக்கு. என்னென்ன பார்த்து வாங்கணும்?’ உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாததை, உண்மையிலேயே தேவைப்படுவதைக் கேட்க வேண்டும். சும்மா பேச்சுக்கு ஆலோசனை கேட்டுவிட்டு வேறு மாதிரிச் செய்தால் அடுத்த தடவை கைமாற்றுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், என்ன ஆயிற்று என்பதைத் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். ‘செயின் ஸ்பிராக்கெட்டைப் பாக்கச் சொன்னீங்கள்ல, தேஞ்சுதான் இருந்துச்சு. 1,500 குறைச்சுட்டான்’ என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அவர் அம்மாவிடம் போனைக் கொடுக்க மாட்டார்.

இருவரிடமும் எடுபடும் இன்னொரு வகைக் கேள்வி, ‘எப்படித் தெரியும்?’ வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் ‘ஒரு எலுமிச்சை அளவு’ என்று முடிந்துவிடும். ‘இறக்கலாம்னு எப்படிம்மா தெரியும்?’ என்று கேளுங்கள். புளியின் பச்சை வாசனை போகணும், ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்கணும், கரண்டியால எடுத்து ஊத்தினா தண்ணி மாதிரி ஓடாம கனமா விழணும், அப்பத்தா மண்சட்டியிலதான் வைக்கும், அடுப்பை அணைச்ச பிறகும் அதுல கொதிக்கும், அதனால கொஞ்சம் முன்னாடியே இறக்கிரும் என்று போய்க்கொண்டே இருக்கும். குழம்பில் தொடங்கிய பேச்சு அப்பத்தாவின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அங்கேயே நின்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். பட்டாவும் பத்திரமும் பீரோவில் இருக்கும். கிணறு எந்த வருஷம் வெட்டியது, எத்தனை அடியில் பாறை வந்தது, அதற்கு எந்த நகை அடகுக்குப் போனது என்பதெல்லாம் இவர்கள் இருவர் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் பக்கமிருந்தும் ஏதாவது கொடுக்க வேண்டும். ‘வேலை எப்படிப் போகுது?’ என்றால் ‘போகுதும்மா’ என்று நாமும்தான் மூடிவிடுகிறோம். ஒரே ஒரு காட்சி கொடுங்கள். ‘இன்னிக்கு லிப்ட் ரிப்பேர், ஏழு மாடி ஏறினேன். அஞ்சாவது மாடில ஒரு பாட்டி எனக்குத் தண்ணி குடுத்தாங்க.’ அம்மாவுக்கு உங்கள் புராஜெக்ட் புரியாது, அந்தப் பாட்டி புரியும். அடுத்த வாரம் அவர் முதலில் கேட்பது அந்தப் பாட்டியைத்தான்.

புத்தி சொல்வதை மட்டும் நிறுத்திவைக்கலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் ‘அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்’ என்று வந்தால், அடுத்த தடவை அந்த விஷயமே உங்களிடம் வராது. இதை அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, முடிக்கும் இடம். ‘சரி...’ என்று ஒருவர் இழுத்ததும் பேச்சு முடியப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தது வெளியே வருவது அப்போதுதான். ‘சரி, வச்சிரவா?’ என்று நீங்கள் வேகமாகச் சொன்னால் கதவு மூடிவிடும். ‘சரிம்மா...’ என்று மட்டும் சொல்லிவிட்டு நாலு வினாடி சும்மா இருங்கள். பெரும்பாலும் ஒன்றும் வராது. என்றாவது ஒருநாள் இப்படி வரும்:

“சரிம்மா...”
“ம். ...ஒண்ணுமில்ல, செவ்வாக்கிழமை பாத்ரூம்ல லேசா வழுக்கிருச்சு.”
“ம்?”
“அடியெல்லாம் ஒண்ணும் இல்ல. இடுப்புலதான் கொஞ்சம்.”
“எந்தப் பக்கம்மா?”
“இடது பக்கம். உக்காந்து எந்திரிக்கத்தான்...”

இந்த இடத்தில் ‘ஏன் முன்னாடியே சொல்லல?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பக்கம், நடக்க முடிகிறதா, யார் தூக்கிவிட்டார்கள், டாக்டரிடம் போக யார் துணைக்கு வருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்க என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேளுங்கள். பிறகு, ‘வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடுறேன், டாக்டர் என்ன சொன்னாருன்னு சொல்லு’ என்று நாள் குறித்துவிட்டுப் போனை வையுங்கள். வைத்ததும் குறிப்பில் எழுதுங்கள்: ‘இடது இடுப்பு. செவ்வாய். கம்பி.’